முதல் குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம்: எத்தனை பேருக்கு வருகிறது, ஏன் வருகிறது, அடுத்த குழந்தைக்கும் வருமா?

கேள்வி இது: "எனக்கு 29, மனைவிக்கு 25. அத்தை மகளைத்தான் கட்டியிருக்கிறேன். போன மாதம் முதல் பெண் குழந்தை பிறந்தது. பார்த்தவுடன் டவுன் சிண்ட்ரோம் போலிருக்கிறது என்றார்கள், உறுதி செய்ய ரத்தம் எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். கர்ப்பத்தில் எடுத்த டபுள் மார்க்கர் ரத்தப் பரிசோதனையில் 'லோ ரிஸ்க்' என்றுதான் வந்தது. 35 வயதுக்கு மேல்தான் வரும் என்று எல்லா இடத்திலும் போட்டிருக்கிறது. அப்படியென்றால் எங்களுக்கு எப்படி வந்தது? சொந்தத்தில் கட்டியதாலா? கிரகணத்தன்று இவள் வாசலில் நின்றாள் என்று அம்மா சொல்லிக்கொண்டே இருக்கிறார். இது எவ்வளவு பேருக்கு வருகிறது? அடுத்ததுக்கும் வருமா?"

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், பிறகு விவரமாகப் பேசலாம். சொந்தத்தில் கட்டியதால் வரவில்லை. கிரகணத்தால் வரவில்லை. உங்கள் மனைவி சாப்பிட்டது, நின்றது, நடந்தது, வண்டியில் போனது எதனாலும் வரவில்லை. அடுத்த குழந்தைக்கு வருமா என்பது இப்போது அனுப்பியிருக்கும் ரத்தத்தின் ரிப்போர்ட்டில் ஒரே ஒரு வரியைப் பொறுத்தது. நூற்றில் தொண்ணூற்றைந்து குடும்பங்களுக்கு அந்த வரி சொல்வது, அடுத்த முறை இப்படி வரும் வாய்ப்பு ஏறக்குறைய நூற்றில் ஒன்று என்பதுதான். மீதி ஐந்தில்தான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். நான் குரோமோசோம் (செல்லுக்குள் மரபணுக்களைச் சுமக்கும் இழை) பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவன் என்பதால் அந்த வரியைப் பற்றி கீழே நீட்டி எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எத்தனை பேருக்கு என்பதிலிருந்து தொடங்கலாம். உலக அளவில் உயிரோடு பிறக்கும் குழந்தைகளில் ஏறக்குறைய ஆயிரத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் இது கொஞ்சம் அதிகம், 640 முதல் 700 பிறப்புக்கு ஒன்று. இந்தியாவில் டெல்லி, மும்பை, பரோடா மூன்று ஊர்களிலும் 1990-களில் தொண்ணூறாயிரத்துக்கும் மேற்பட்ட பிறப்புகளைப் பார்த்த ஆய்வு ஒன்று சுமார் 1150-க்கு ஒன்று என்றது. தமிழ்நாட்டில் வருடத்துக்குச் சுமார் 9 லட்சம் குழந்தைகள் பிறக்கின்றன என்று வைத்துக் கணக்குப் போட்டால், ஆண்டுக்கு எழுநூறு எண்ணூறு குழந்தைகளாவது டவுன் சிண்ட்ரோமோடு பிறக்க வேண்டும். இது நான் கையால் போட்ட கணக்கு, யாரும் எண்ணி வைத்த பட்டியல் அல்ல. நம் ஊரில் பல குழந்தைகளுக்குப் பெயரே வைக்கப்படுவதில்லை. "பிள்ளைக்கு மூளை வளர்ச்சி கம்மி" என்று ஒரு வாக்கியத்தில் முடித்துவிடுவார்கள், அல்லது இதயக் கோளாறில் முதல் வருடத்திலேயே போய்விடும், ரத்தம் எடுத்துப் பார்த்திருக்கவே மாட்டார்கள்.

நாட்டுக்கு நாடு எண்ணிக்கை மாறுவதைப் பார்த்துவிட்டு, அந்த மக்களின் ரத்தத்திலேயே ஏதோ இருக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது. மாற்றுவது முக்கியமாக இரண்டு விஷயங்கள்: அந்த நாட்டுப் பெண்கள் எந்த வயதில் பிள்ளை பெறுகிறார்கள், கர்ப்பத்திலேயே கண்டுபிடித்து என்ன முடிவெடுக்கிறார்கள். டென்மார்க்கில் 2004-ல் வயது பார்க்காமல் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் பரிசோதனை தரத் தொடங்கினார்கள். டவுன் சிண்ட்ரோமோடு பிறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை மளமளவென்று பாதியாகக் குறைந்தது. ஐஸ்லாந்தில் வருடத்துக்கு இரண்டு மூன்று குழந்தைகள் பிறந்தாலே அதிகம். இதற்கு நேர் எதிராக அயர்லாந்தில், பெண்கள் தாமதமாகப் பிள்ளை பெற்றார்கள், கருக்கலைப்புக்கு 2018 வரை சட்டத்தில் இடமில்லை, அதனால் ஐரோப்பாவிலேயே அதிகமாகப் பிறந்த நாடுகளில் அதுவும் ஒன்று. கரு உருவாகும் கட்டத்தில் நடக்கும் பிழை இந்த மூன்று நாடுகளிலும் ஒரே மாதிரிதான் நடக்கிறது. இன்னொன்று, கருவாக உருவான எல்லாமே பிறப்பதும் இல்லை. பன்னிரண்டாம் வாரத்தில் இருக்கும் டவுன் சிண்ட்ரோம் கருக்களில் ஏறக்குறைய முப்பது சதவீதம் பிரசவத்துக்கு முன்பே தானாகக் கலைந்துவிடுகின்றன.

சரி, 35 வயது விஷயத்துக்கு வருகிறேன், உங்களைக் குழப்பியது அதுதான். தாயின் வயது கூடக் கூட வாய்ப்பு கூடுகிறது என்பது உண்மை, இந்தக் கோளாறில் சந்தேகமில்லாத பெரிய ஆபத்துக் காரணி அது ஒன்றுதான். இருபது வயதில் ஏறக்குறைய 1500-க்கு ஒன்று, 25-ல் 1300-க்கு ஒன்று, 30-ல் 900-க்கு ஒன்று, 35-ல் 350-க்கு ஒன்று, நாற்பதில் நூறுக்கு ஒன்று, 45-ல் முப்பதுக்கு ஒன்று. முப்பத்து மூன்று வரை மெதுவாக ஏறி, அதற்கு மேல் செங்குத்தாக ஏறும் கோடு. ஆனால் 35 என்ற இடத்தில் ஒரு சுவர் எதுவும் இல்லை. அந்தக் காலத்தில் ஊசி போட்டு நீரெடுக்கும் அம்னியோ பரிசோதனையில் கரு கலையும் ஆபத்தும், குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் இருக்கும் வாய்ப்பும் ஏறக்குறைய சமமாகும் வயது என்பதால், யாருக்கு அம்னியோ செய்யலாம் என்று முடிவு செய்ய டாக்டர்கள் கிழித்த கோடு அது. அது எப்படியோ "35-க்குக் கீழே வராது" என்று ஜனங்கள் வாயில் மாறிவிட்டது.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். ஒரு லட்சம் பிரசவம். அதில் 93,000 தாய்மார்கள் 35-க்குக் கீழே, 7,000 பேர் அதற்கு மேலே என்று வைத்துக்கொள்வோம். இளையவர்களுக்குச் சராசரியாக 1100-க்கு ஒன்று என்றால் 85 குழந்தைகள். மூத்தவர்களுக்குச் சராசரியாக 200-க்கு ஒன்று என்றால் 35 குழந்தைகள். மொத்தம் 120-ல் 85 பேர், அதாவது பத்தில் ஏழு பேர், "வயதாகாத" தாய்க்குப் பிறந்தவர்கள். தனித்தனியாகப் பார்த்தால் இளம் தாய்க்கு ஆபத்து குறைவு, ஆனால் பிள்ளை பெறுகிறவர்களில் பெரும்பாலோர் இளையவர்கள் என்பதால் குழந்தைகளில் பெரும்பாலோர் அவர்களுக்குத்தான் பிறக்கிறார்கள். நம் ஊரில் இருபதுகளிலேயே பிரசவம் முடிந்துவிடும் குடும்பங்கள் அதிகம் என்பதால் இந்த விகிதம் இன்னும் கூடுதலாகத்தான் இருக்கும். எங்கள் கூடத்துக்கு வரும் ரத்தக் குழாய்களில் தாயின் வயது என்று எழுதியிருக்கும் இடத்தைப் பார்த்தால் 22, 24, 27 என்றுதான் வரிசையாக வரும். உங்கள் மனைவி விதிவிலக்கே அல்ல.

இப்போது ஏன் வருகிறது. நம் செல்களில் 46 குரோமோசோம்கள், 23 ஜோடி. முட்டையிலும் விந்தணுவிலும் ஜோடிக்கு ஒன்றாக 23 மட்டும் இருக்க வேண்டும். பிரிந்து போகும்போது 21-ஆம் ஜோடி பிரியாமல் இரண்டும் ஒரே பக்கம் போய்விட்டால், அந்த முட்டை கருவுறும்போது 21 மூன்றாகிவிடும். மொத்தம் 47. இப்படி நடப்பதில் பத்தில் ஒன்பது முட்டையில்தான் நடக்கிறது, விந்தணுவில் மிகக் குறைவு. 21 மனிதக் குரோமோசோம்களிலேயே ஆகச் சிறியது. (22-தானே கடைசி என்பீர்கள். பெரியதிலிருந்து சிறியதாக வரிசை எண் கொடுத்தபோது 21-ஐயும் 22-ஐயும் மாற்றிப் போட்டுவிட்டார்கள், பிறகு திருத்தவில்லை.) சிறியது, மரபணுக்களும் குறைவு, அதனால்தான் கூடுதலாக ஒன்று இருந்தும் குழந்தை பிறந்து வளர முடிகிறது. இதே பிழை 16-ஆம் குரோமோசோமில் இதைவிட அடிக்கடி நடக்கிறது, ஆனால் அந்தக் கரு முதல் மூன்று மாதத்தைத் தாண்டாது. மூன்று மாதத்துக்குள் கலையும் கர்ப்பங்களில் பாதிக்குக் காரணமே இப்படிக் குரோமோசோம் எண்ணிக்கை தவறியதுதான். ஆக, குரோமோசோம் பிரிவதில் பிழை வருவது மனித இனத்தில் சர்வ சாதாரணம். பெரும்பாலானவற்றை யாருமே பார்ப்பதில்லை.

முட்டையில் மட்டும் ஏன் இவ்வளவு? ஆணுக்கு விந்தணு தினம் தினம் புதிதாக உருவாகிறது. பெண்ணுக்கு அப்படி இல்லை. ஒரு பெண்ணின் முட்டைகள் எல்லாம் அவள் தன் தாய் வயிற்றில் இருக்கும்போதே உருவாகிவிடுகின்றன. குரோமோசோம் பிரிவதும் அங்கேயே தொடங்கி, பாதியில் நிறுத்தி வைக்கப்படுகிறது. பிறகு வயதுக்கு வந்து மாதா மாதம் ஒரு முட்டை வெளியே வரும்போதுதான் அந்தப் பாதி வேலை தொடர்கிறது. உங்கள் மனைவி உங்கள் அத்தை வயிற்றில் கருவாக இருந்தபோதே, இந்தக் குழந்தைக்கான முட்டை பிரியத் தொடங்கி, அப்படியே கால் நூற்றாண்டு காத்திருந்திருக்கிறது. அத்தனை வருடமும் குரோமோசோம்களைச் சேர்த்துப் பிடித்திருப்பது கொஹீசின் என்னும் புரதம். மல்லிகைச் சரம் கட்டிய வாழைநார் நாள்பட நாள்படக் காய்ந்து தளர்வதைப் போல அதுவும் தளர்கிறது, பிடி தளர்ந்தால் குரோமோசோம்கள் தப்பான பக்கம் போகின்றன. வயதோடு வாய்ப்பு ஏறுவதற்கு இப்போது தெரிந்திருக்கும் முக்கிய விளக்கம் இதுதான். இளம் பெண்களிடம் வேறொரு விதப் பிழையும் தென்படுகிறது: ஜோடிக் குரோமோசோம்கள் பிரிவதற்கு முன் ஒன்றோடொன்று துண்டுகளை மாற்றிக்கொள்ளும், அந்தப் பரிமாற்றம் நடக்காமல் போனாலோ, தவறான இடத்தில் நடந்தாலோ, பிரியும்போது சரியாகப் பிரியாது. இந்தப் பரிமாற்றம் தாய் வயிற்றிலேயே முடிந்துவிடும் விஷயம்.

இதனால்தான் கர்ப்பமான பிறகு நடந்த எதற்கும் இதில் பங்கில்லை என்று அடித்துச் சொல்ல முடிகிறது. கருவுற்ற அந்த நிமிடத்திலேயே கணக்கு முடிந்துவிட்டது. கிரகணம் ஐந்தாவது மாதத்தில் வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். பப்பாளி, அன்னாசி, இரும்புச்சத்து மாத்திரை, ஸ்கேன் அடிக்கடி எடுத்தது, மொபைல் போன், மாடிப்படி ஏறியது, மாமியாரோடு சண்டை போட்டு அழுதது, இவை எல்லாம் அதற்குப் பிறகு வந்தவை. அம்மாவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். விஞ்ஞானமாகச் சொல்வதைவிட, "அம்மா, கிரகணத்துக்கு அஞ்சு மாசம் முன்னாடியே இது முடிவாயிடுச்சு" என்று தேதி போட்டுச் சொன்னால் பெரியவர்கள் கேட்டுக்கொள்கிறார்கள், நான் பார்த்திருக்கிறேன்.

தாயின் வயதுதான் காரணி என்று யார் நிறுவினார் என்பதும் சுவாரஸ்யமானது. 1866-ல் லாங்டன் டவுன் இந்தக் குழந்தைகளைத் தனி வகையாக விவரித்தார். அதற்குப் பிறகு எழுபது வருடம் காசநோய், குடிப்பழக்கம், மேகநோய், அதிகப் பிரசவத்தால் கருப்பை ஓய்ந்துபோனது என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். 1933-ல் லயனல் பென்ரோஸ் என்ற ஆங்கிலேய டாக்டர் குடும்பம் குடும்பமாகக் கணக்கெடுத்து, தாயின் வயது, தந்தையின் வயது, எத்தனையாவது பிள்ளை என்ற மூன்றையும் பிரித்துப் பார்த்தார். தாய்க்கு வயது கூடினால் கூடவே தந்தைக்கும் கூடும், பிள்ளை எண்ணிக்கையும் கூடும், மூன்றும் பின்னிக் கிடக்கும், அதைப் பிரிப்பது லேசான வேலை அல்ல. பிரித்தபோது மிஞ்சியது தாயின் வயது மட்டும். 1959-ல் பாரிஸில் லெஜூன், கோத்தியே, துர்ப்பான் மூவரும் 47 குரோமோசோம் என்று காட்டிய பிறகுதான் ஏன் என்பது புரிந்தது. இன்றைக்கு இதைவிட நேரடியான சாட்சியும் உண்டு: நாற்பத்தைந்து வயதுப் பெண் இருபத்தைந்து வயதுக்காரியின் தான முட்டையில் கருத்தரித்தால், அவருக்கு ஆபத்து இருபத்தைந்து வயதுக்கு உரியதுதான். வயது கணக்காவது முட்டைக்கு, சுமக்கும் உடம்புக்கு அல்ல.

சொந்தத்தில் கட்டியது பற்றி. தமிழ்நாட்டில் நாலில் ஒரு கல்யாணத்துக்கும் சற்று மேல் சொந்தத்தில்தான் நடக்கிறது, அதனால் எந்தக் குழந்தைக்கு என்ன வந்தாலும் முதலில் விரல் நீளுவது அங்கேதான். நெருங்கிய சொந்தத்தில் கட்டினால் கூடுவது வேறு வகை நோய்கள். தாயிடமும் தந்தையிடமும் ஒரே பழுதான மரபணு ஒளிந்திருந்து, இரண்டும் குழந்தைக்கு வந்து சேரும் நோய்கள்: தலசீமியா, சில வகைக் காது கேளாமை, சில வளர்சிதைக் கோளாறுகள். அவற்றுக்குச் சொந்தக் கல்யாணம் நிஜமாகவே ஆபத்துதான், அதை நான் மழுப்ப மாட்டேன். டவுன் சிண்ட்ரோம் அப்படி இரண்டு பழுது சேர்ந்து வருவது அல்ல, ஒரு முட்டை பிரியும்போது நேர்ந்த எண்ணிக்கைத் தவறு. சொந்தக் கல்யாணம் அதிகம் நடக்கும் நாடுகளில் தொடர்பு இருக்குமோ என்று தேடிப் பார்த்திருக்கிறார்கள். ஒன்றிரண்டு பழைய ஆய்வுகள் இருக்கிறது என்றன, பிறகு வந்தவை அதை உறுதி செய்யவில்லை. 2006-ல் மைசூரிலிருந்து வந்த ஓர் ஆய்வு, தாய்வழிப் பாட்டி எந்த வயதில் அம்மாவைப் பெற்றார் என்பதும் முக்கியம் என்றது. யோசனையாக நன்றாகத்தான் இருக்கிறது, முட்டை அங்கேதானே உருவாகிறது? ஆனால் பார்த்த குடும்பங்கள் குறைவு, அதை வைத்து இனி பாட்டியைக் குற்றவாளியாக்கக் கிளம்பிவிட வேண்டாம். புகையிலை, ஃபோலிக் அமிலக் குறைவு, கருத்தடை மாத்திரை பற்றியும் ஆய்வுகள் ஆளுக்கொன்று சொல்கின்றன, எதுவும் நிலைக்கவில்லை. ஃபோலிக் அமிலத்தை முதுகெலும்புக் கோளாறைத் தடுக்க எப்படியும் சாப்பிட வேண்டும், அது தனிக் கதை.

இப்போது அந்த ஒரு வரி. குழந்தையிடமிருந்து இரண்டு மில்லி ரத்தம், பச்சை மூடி போட்ட ஹெப்பாரின் குழாயில் வந்திருக்கும். எங்களுக்கு உயிருள்ள செல் வேண்டும் என்பதால் அந்தக் குழாய். அதை ஊட்டச் சத்துத் திரவத்தில் விட்டு, 37 டிகிரியில் மூன்று நாள் வளர்ப்போம். செல் பிரியும் நேரத்தில் மருந்து விட்டு அப்படியே நிறுத்தி, செல்லை ஊத வைத்து, கண்ணாடித் தகட்டில் மேலிருந்து சொட்டு விட்டால் செல் உடைந்து குரோமோசோம்கள் பரவி விழும். ஜீம்சா சாயம் ஏற்றினால் ஒவ்வொன்றிலும் கறுப்பும் வெளுப்புமாகப் பட்டை தெரியும். அப்படி இருபது செல்லாவது எண்ணிப் பார்ப்போம். நல்ல தகட்டில், 21 மூன்று இருப்பது பழகிய கண்ணுக்கு ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். மூலையில் சின்னதாக, கறுப்புப் பட்டை ஒன்றோடு மூன்று புள்ளிகள். ரிப்போர்ட் வர பத்து நாள் முதல் இரண்டு வாரம் ஆகும், அவசரப்படுத்தினாலும் செல் நமக்காக வேகமாக வளராது.

ரிப்போர்ட்டில் '47, எக்ஸ்எக்ஸ், +21' என்று இருந்தால், இது தனியாக ஒரு 21 கூடுதலாக வந்த வகை, ட்ரைசோமி 21. நூற்றில் தொண்ணூற்றைந்து இதுதான். பெற்றோர் ரத்தம் கொடுக்கத் தேவையே இல்லை, உங்கள் இருவரின் குரோமோசோமும் சரியாகத்தான் இருக்கும். அடுத்த குழந்தைக்கு வாய்ப்பு ஏறக்குறைய நூற்றில் ஒன்று. தாய்க்கு நாற்பது தாண்டியிருந்தால் அந்த வயதுக்கு உரிய எண்தான் பெரியதாக இருக்கும், அதை எடுத்துக்கொள்ள வேண்டும். உங்கள் மனைவியின் 25 வயதுக்கு இந்த ஒரு சதவீதம் மற்ற பெண்களைவிட அதிகம்தான், ஆனால் நூற்றில் 99 முறை வராது என்பதும் அதே எண்தான்.

கவனமாக இருக்க வேண்டியது '46' என்று தொடங்கும் ரிப்போர்ட்டில். இதைப் பார்த்துவிட்டு "46 இருக்கே, நார்மல்தானே" என்று நிம்மதியாக வீட்டுக்குப் போன குடும்பங்கள் உண்டு. எண்ணிக்கை 46-தான், ஆனால் கூடுதல் 21 வேறொரு குரோமோசோமின் தலையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, பெரும்பாலும் 14-ன் மேல். பின்னால் 'டெர்' என்றோ 'ராப்' என்றோ, அடைப்புக்குள் 14;21 என்றோ எழுதியிருக்கும். இதற்கு டிரான்ஸ்லொகேஷன் என்று பெயர், நூற்றில் மூன்று நான்கு பேர் இந்த வகை. இதிலும் முக்கால்வாசி புதிதாக நேர்ந்ததுதான். மீதியில் தாயோ தந்தையோ அந்த ஒட்டலைச் சுமப்பவராக இருப்பார், 45 குரோமோசோமோடு, எந்தக் குறையும் இல்லாமல், தனக்கே தெரியாமல். அதனால் இந்த வகை வந்தால் இரண்டு பேரும் கட்டாயம் ரத்தம் கொடுக்க வேண்டும். தாய் சுமப்பவர் என்றால் அடுத்த குழந்தைக்கு வாய்ப்பு பத்து முதல் பதினைந்து சதவீதம், தந்தை என்றால் ஒன்றிரண்டு சதவீதம் அல்லது அதற்கும் கீழே. இரண்டு 21-உம் ஒன்றோடொன்று ஒட்டியிருப்பவராக ஒரு பெற்றோர் இருந்தால், பிழைத்துப் பிறக்கும் எல்லாக் குழந்தைக்கும் டவுன் சிண்ட்ரோம்தான் வரும்; அபூர்வம், ஆனால் தெரிந்துகொள்ளாமல் அடுத்த கர்ப்பத்துக்குப் போகக் கூடாத அபூர்வம். உங்கள் விஷயத்தில் சொந்தக் கல்யாணம் என்பது உண்மையில் கணக்கில் வரும் இடம் இது ஒன்றுதான்: ஒட்டல் உங்கள் தாத்தா பாட்டி வழியாக வந்திருந்தால் இரண்டு பக்கச் சொந்தமும் ஒரே சொந்தம், அக்கா தங்கை, அண்ணன் தம்பி, மச்சான் என்று பரிசோதிக்க வேண்டியவர்கள் பட்டியல் நீளும்.

மூன்றாவது வகை மொசைக், நூற்றில் ஒன்றிரண்டு. சில செல்லில் 47, சில செல்லில் 46. பாதிப்பு பொதுவாகச் சற்றுக் குறைவாக இருக்கும், ஆனால் சதவீதத்தைப் பார்த்து இந்தக் குழந்தை எப்படிப் படிக்கும் என்று ஜோசியம் சொல்ல முடியாது.

இதில் ஒரு எச்சரிக்கை. சீக்கிரம் வேண்டும் என்று ஃபிஷ் அல்லது க்யூஎஃப்-பிசிஆர் என்னும் விரைவுப் பரிசோதனையை மட்டும் செய்துகொண்டு நிறுத்திவிடுகிறார்கள். இரண்டு மூன்று நாளில் "21 மூன்று இருக்கிறது" என்று வந்துவிடும், சரிதான். ஆனால் அந்த மூன்றாவது தனியாக நிற்கிறதா, 14-ன் மேல் ஒட்டியிருக்கிறதா என்பதை வழக்கமாகச் செய்யும் அந்தப் பரிசோதனைகள் சொல்லாது. அடுத்த குழந்தையின் கணக்கு முழுக்க அதில்தான் இருக்கிறது. ஆகவே 'காரியோடைப்' (மேலே சொன்னபடி செல்லை வளர்த்துக் குரோமோசோம்களைக் கண்ணால் பார்க்கும் பரிசோதனை) என்ற சொல் ரிப்போர்ட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். குழந்தைக்கு ஏதாவது ஆகிவிட்டால் பிறகு அந்த ரத்தம் கிடைக்காது, இதைச் சொல்லக் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

'லோ ரிஸ்க்' பற்றிக் கேட்டிருந்தீர்கள். டபுள் மார்க்கர், குவாட்ரப்பிள் எல்லாம் இருக்கிறதா இல்லையா என்று சொல்லும் பரிசோதனைகள் அல்ல, யாரை மேலும் பார்க்க வேண்டும் என்று சலித்தெடுப்பவை. ரத்தத்தில் இரண்டு பொருளை மட்டும் பார்க்கும் டபுள் மார்க்கர் தனியாக நூறில் அறுபத்தைந்தைத்தான் பிடிக்கும். அதோடு 11 முதல் 14 வாரத்துக்குள் கழுத்துக்குப் பின்னால் நீர் அளக்கும் என்டி ஸ்கேனையும் சேர்த்துக் கணக்கிட்டால் எண்பத்தைந்து தொண்ணூறு வரை போகும், அதுவும் பழகிய கை அளந்தால். மீதிக் குழந்தைகள் 'லோ ரிஸ்க்' என்ற தாளோடுதான் பிறக்கின்றன. இளம் தாய்களுக்கு வயதுக் கணக்கு சாதகமாக இருப்பதால், எல்லைக்கோட்டில் இருக்கும் அளவுகள்கூட 'லோ' பக்கம் விழுந்துவிடும். மறுபக்கமும் உண்டு: '1:180, ஹை ரிஸ்க்' என்று சிவப்பில் அச்சடித்து வந்ததும் வீடே இடிந்துபோய் உட்காரும். 180 பேரில் 179 பேருக்கு ஒன்றும் இருக்காது என்பதை யாராவது உட்கார்ந்து சொன்னால் அந்த இரவு தூங்கலாம்.

அடுத்த கர்ப்பத்தில் உங்களுக்கு நேரடியாக என்.ஐ.பி.டி. சொல்வார்கள். தாயின் ரத்தத்தில் மிதக்கும் நஞ்சுக்கொடியின் டிஎன்ஏவைப் பார்ப்பது, பத்தாவது வாரத்திலிருந்து செய்யலாம். 21-ஐப் பொறுத்தவரை நூறில் 99-ஐப் பிடிக்கும், தவறான அலாரம் ஆயிரத்தில் ஒன்றுதான். கேட்க அற்புதமாக இருக்கிறது, ஆனால் கணக்கைப் பாருங்கள்: ஆயிரத்துக்கு ஒன்று வாய்ப்புள்ள ஒரு லட்சம் பெண்களில் நிஜமாக இருப்பது நூறு பேருக்கு, 99 பேரைப் பிடிக்கிறது, மீதி 99,900 பேரில் தவறான அலாரம் நூறு. ஆக 'பாசிட்டிவ்' வந்த இருநூறு பேரில் பாதிப் பேருக்கு ஒன்றும் இல்லை! உங்களைப் போல வாய்ப்பு நூற்றில் ஒன்று உள்ளவர்களில் பாசிட்டிவ் வந்தால் பத்தில் ஒன்பது நிஜம், அப்போதும் பத்தில் ஒன்று பொய். அதனால் என்.ஐ.பி.டி. பாசிட்டிவை மட்டும் வைத்து எந்த முடிவும் எடுக்கக் கூடாது, பதினைந்து பதினாறு வாரத்தில் அம்னியோ செய்து காரியோடைப் பார்த்த பிறகுதான் பேச்சு. அம்னியோவில் கரு கலையும் ஆபத்து நூற்றில் ஒன்று என்று பழைய கணக்கு சொல்வார்கள், இப்போது பழகிய இடங்களில் அது ஆயிரத்தில் ஓரிரண்டு மூன்றுதான். டிரான்ஸ்லொகேஷன் சுமப்பவர் என்று தெரிந்துவிட்டால் நேராக இதற்கே போகலாம். ஒரு விஷயம், நம் நாட்டுச் சட்டப்படி கர்ப்பத்தில் செய்யும் எந்த ரிப்போர்ட்டிலும் ஆணா பெண்ணா என்று எழுத மாட்டார்கள், கேட்கவும் கூடாது. பரிசோதனையே வேண்டாம், எது வந்தாலும் வளர்ப்போம் என்று சொல்லும் தம்பதிகளும் இருக்கிறார்கள். அதுவும் நீங்கள் இருவரும் எடுக்க வேண்டிய முடிவு, ஊர் எடுக்க வேண்டியதல்ல.

அப்புறம் இப்போது கையில் இருக்கும் குழந்தை, நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன், ஏனென்றால் ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்கும் நாட்களில் சிலர் இதைத் தள்ளிப்போட்டுவிடுகிறார்கள். எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்தாகிவிட்டதா? இந்தக் குழந்தைகளில் பாதிப் பேருக்கு இதயத்தில் ஓட்டையோ வேறு கோளாறோ இருக்கும், ஸ்டெதஸ்கோப்பில் சத்தம் கேட்காவிட்டாலும் இருக்கலாம், முதல் மாதத்துக்குள் எக்கோ பார்த்துவிட வேண்டும். சரியான மாதத்தில் அறுவை செய்தால் தீரக்கூடியது, விட்டுவிட்டால் நுரையீரல் அழுத்தம் ஏறி அறுவையே செய்ய முடியாமல் போகும். அமெரிக்காவில் 1983-ல் இவர்களின் சராசரி ஆயுள் 25 வயது, இன்று அறுபதை ஒட்டி. அந்த வித்தியாசத்தில் பெரும்பங்கு இந்த இதய அறுவைக்குத்தான். தைராய்டு பிறந்தவுடன், ஆறாவது மாதம், ஒரு வயதில், பிறகு வருடம் ஒரு முறை. ஒரு முழு ரத்த எண்ணிக்கை, காது கேட்கும் பரிசோதனை. தசை தளர்வாக இருப்பதால் பால் குடிக்க நேரம் எடுக்கும், உறிஞ்சத் தெரியவில்லை என்று உடனே புட்டிக்கு மாற்றிவிடாமல் கொஞ்சம் பொறுத்துப் பழக்குங்கள். பச்சையாக வாந்தி எடுத்தால் மட்டும் அன்றைக்கே ஆஸ்பத்திரி, குடல் அடைப்பாக இருக்கலாம். தடுப்பூசி எல்லாம் மற்ற குழந்தைகளுக்குப் போல அட்டவணைப்படியே போட வேண்டும்.

மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு மையம் என்று அரசு மருத்துவமனைகளில் இருக்கிறது, டி.இ.ஐ.சி. என்று கேட்டால் காட்டுவார்கள். பிசியோதெரபி, பேச்சுப் பயிற்சி எல்லாம் அங்கே இலவசம், முதல் சில மாதங்களிலேயே தொடங்கலாம். இதய அறுவைக்கும் அவர்கள் வழியாகவே அரசுத் திட்டத்தில் பதிவு செய்ய முடியும். மாற்றுத்திறனாளி சான்றிதழ் வாங்கிய பிறகு மத்திய அரசின் நேஷனல் டிரஸ்ட் நடத்தும் நிராமயா மருத்துவக் காப்பீட்டில் சேர்த்துவிடுங்கள், வருடத்துக்கு ஒரு லட்சம் வரை கிடைக்கும். சென்னையில் இருந்தால் டவுன் சிண்ட்ரோம் ஃபெடரேஷன் ஆஃப் இந்தியா அங்கேதான் இருக்கிறது, இதே வழியில் நடந்து வந்த பெற்றோர்களைப் பார்க்கலாம். ரிப்போர்ட் வந்ததும் முதல் வரியை மட்டும் இங்கே அப்படியே எழுதுங்கள், பெயர், ஆஸ்பத்திரி எதுவும் வேண்டாம். 46 என்று தொடங்கினால் உங்கள் இருவருக்கும் அடுத்து எந்தப் பரிசோதனை என்று சொல்கிறேன்.